தகவல் தந்தவர்: மகள்

ஜூன் 2, திங்கள்

அம்மாவின் பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் இருந்தது. நேற்று மாலை கழற்றிய செருப்பு. இரவு முழுக்கத் தூங்கி எழுந்த பிறகும் தடம் அப்படியே இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. வெகு நேரம் கழித்துத்தான் மேலே வந்தது.

“என்ன அம்மிணி நோண்டற?” என்று காலை இழுத்துக்கொண்டாள்.

“வீங்கியிருக்குதும்மா.”

“நாள் பூரா நின்னுட்டே இருந்தா வீங்காம என்ன பண்ணும்? போ, உன்ற பஸ்ஸு போயிரும்.”

அம்மா மஞ்சள் கிடங்கில் வேலை செய்கிறாள். விரலி மஞ்சளைத் தனியாகவும் கிழங்கு மஞ்சளைத் தனியாகவும் பிரித்துப் போட வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமில் இருக்கிறேன். சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு கொஞ்ச நாள் வீடு, அதற்கும் முன்பு பள்ளிக்கூடம். கேரளாவுக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. சில நாள் காலையில் அம்மாவால் எழுந்திருக்க முடியாமல் போனது. யாராவது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றேன்.

நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய ஃபைல் எங்கள் ரூமுக்கு வரும். அங்கே எனக்கு மூத்தவரான ஹெப்சிபா அக்கா அதைப் படித்து, என்ன நோயோ அதற்குரிய ‘கோடு’ எண்ணை மேலே எழுதுவார். உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் ஓர் எழுத்தும் சில எண்களும் உண்டு. நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

மழை. நாற்பத்தொரு ஃபைல். அம்மா வேலைக்குப் போனாள்.

ஜூன் 5, வியாழன்

இன்று ரெக்கார்டு ரூமில் சண்டை.

ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும். கையில் டிஸ்சார்ஜ் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போன வாரம் ஈரல் நோயோடு வந்து சேர்ந்து வீட்டுக்குப் போனவர்.

“இதுல என்னங்க எழுதி வெச்சிருக்கறீங்க? எங்க வீட்டுக்காரரு தலைதீவாளிக்குக் கூட அதத் தொட்டதில்லீங்க. இதக் கொண்டுபோய் ஸ்கூல்ல குடுத்தா நாளைக்கு வேன் சாவி கைல இருக்குமாங்?”

“உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க” என்றார் ஹெப்சிபா அக்கா.

“தண்ணியப் பத்திப் பேசாதீங்க!”

எனக்குச் சிரிப்பு வந்து, உடனே பயமும் வந்தது. ஃபைலுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அக்கா ஃபைலைப் புரட்டினார். K70.3 என்று இருந்தது. குடியால் ஈரல் சுருங்கிப்போன நோய்க்கு அதுதான் கோடு. சேர்க்கைப் படிவத்தில் குடி என்ற இடத்தில் ‘உண்டு’ என்று டிக். டாக்டருக்கு ஃபோன் போனது. அவர் இறங்கி வந்து, படித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். சர்க்கரை நோயால் வந்த கொழுப்பு ஈரலாம். அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அக்கா பேனாவை எடுத்து K74.6 என்று மாற்றினார். அதுவும் சுருங்கிப்போன ஈரல்தான். குடி மட்டும் இல்லை.

அந்த அம்மா போன பிறகு கேட்டேன். “ஏனுங்க்கா, அவருகிட்டக் கேக்கவே இல்லீங்களா?”

“எங்க கேக்கானுவ? ஆம்பிளை ஈரல் நோயோட வந்தா, கேக்காமலே ஆமான்னு டிக் போடுதானுவ. பொம்பளைன்னா கேக்காமலே இல்லன்னு டிக் போடுதானுவ.” அக்காவுக்கு ஊர் நாசரேத் பக்கம். எடை குறைக்க வேண்டும் என்று வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். “நம்ம வேலை என்னட்டி? டாக்டர் எழுதுனதுக்குக் கோடு போடுதது. அவ்வளவுதான். அவர் எழுதாதத நாம எழுதப்படாது. நீ கண்ணால பாத்திருந்தாலும் எழுதப்படாது. கோடு ஒருக்க ஏறிட்டுன்னு வையி, அந்த ஆளு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடயே போவும்.”

மதியம் அக்கா கேன்டீனில் இரண்டு பரோட்டா சாப்பிட்டார்.

நான் K70, K74 இரண்டுக்கும் கீழே உள்ள எல்லாவற்றையும் படித்து முடித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 7, சனி

அம்மாவின் கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டேன். உள்ளங்கை மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது. கண்ணில் இருப்பது வெளுக்குமா?

பக்கத்து வீட்டு அக்காவிடம் கண்ணைப் பற்றிச் சொன்னேன். “உங்கம்மா மஞ்சக் கெடங்குல வேலை செய்யறா. பின்ன ஊதாவாவா இருப்பா?” என்றார். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலையில் அம்மா தூசி மருந்து குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். கிடங்கில் மஞ்சள் தூசி தொண்டையில் இறங்கிவிடும். அதற்காக.

ஜூன் 8, ஞாயிறு

கோழிக் குழம்பு வைத்தேன். அம்மா ஒரு வாய் எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். வாசமே ஆகவில்லையாம். தூசி மருந்து மட்டும் குடித்தாள். டம்ளரை எப்போதும்போல நான் தனியாகக் கழுவினேன். சோப்பு, பிறகு எலுமிச்சைத் தோல், பிறகு வெந்நீர்.

புடவை இடுப்பில் நிற்கவில்லை. வயிறு அப்படி இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

அம்மாவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டேன். மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு, பன்னிரண்டாம் கட்டில்.

காலையில் பாத்ரூமில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. நான் தூக்கும்போது “வழுக்கீருச்சு” என்றாள். தரை காய்ந்திருந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். இவ்வளவு பெரிய வயிறோடு எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறாள்?

டாக்டர் நஸ்ரீன் வந்து கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். இளவயது டாக்டர். வேகமாக நடப்பார்.

“எங்கம்மா வேலை பாக்கறீங்க?”

“மஞ்சக் கெடங்குலீங்க.”

“அதான் இத்தனை நாள் யாருக்கும் தெரியலையா?” என்று அம்மாவின் தோளைத் தட்டினார். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, ஈரல் சுருங்கியிருக்கிறது, ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். நிறைய ரத்தம் எடுத்தார்கள்.

சேர்க்கைப் படிவத்தை வார்டு சிஸ்டர் பூர்த்தி செய்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகையிலை, குடி. வரிசையாக ‘இல்லை’ என்று டிக் போட்டுக்கொண்டே போனார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஹெப்சிபா அக்கா சொன்னது சரிதான். பெண்கள் என்றால் கேட்பதில்லை. நான் பொய் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நோயாளி வார்டில் இருக்கும்போதே காப்பீட்டுக்காகத் தற்காலிகமாக ஒரு கோடு போட்டு அனுப்ப வேண்டும். காலையில் வந்த தாள்களில் அம்மாவின் தாள் இருந்தது. சாந்தாமணி, வயது 43. ஈரல் சுருக்கம், காரணம் ஆய்வில் உள்ளது.

“ஏட்டி இந்து, இது உங்க அம்மால்லா? குடு, நான் அடிக்கேன்” என்றார் அக்கா.

“வேண்டாங்க்கா. நானே போடறேன்.”

K74.6. டாக்டர் எழுதியதற்கு அதுதான் சரியான கோடு. மூன்று முறை சரிபார்த்தேன். தப்பு எதுவும் இல்லை.

மதியம் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவின் கை நடுங்கியது. ஸ்பூன் தட்டில் டிக் டிக் என்று அடித்தது. ரசம் போர்வையில் சிந்தியது.

“குளிருதாம்மா?”

“ஏசி கண்ணு.”

அந்த வார்டில் ஏசி கிடையாது. அம்மாவின் நெற்றியில் வேர்வை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அத கொஞ்சூண்டு கொண்டா. ஒரு மூடி போதும். தண்ணி பாட்டல்ல ஊத்திக் கொண்டா, யாருக்குந் தெரியாது.”

“எதம்மா?”

“தெரியாத மாதிரி கேக்காத. தூசி மருந்துதான்.”

“இங்க தூசி இல்லியேம்மா.”

அம்மா என்னையே பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. போர்வையில் சிந்திய ரசத்தைத் துடைத்தேன்.

“வாயத் தொறந்து யாருகிட்டயாச்சும் சொன்னீன்னா பாரு. உன்ற கூட வேலை செய்யறவங்க பூராப் பேருக்குந் தெரிஞ்சுரும். பொறகு நீ இந்தப் படியேறி வர முடியுமா? உன்னைய எவன் வந்து கட்டுவான்?”

நான் எதுவும் கொண்டுபோகவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை.

ஜூன் 11, புதன்

ஃபைலில் சந்தேகம் இருந்தால் நாங்கள் டாக்டருக்குப் பச்சைச் சீட்டு அனுப்பலாம். கேள்வியை எழுதி வார்டுக்குக் கொடுத்துவிட்டால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். வாய் திறந்து பேச வேண்டியதில்லை.

காலையில் அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு சீட்டு எழுதினேன். ‘கட்டில் 12. காரணம் குறிப்பிடப்படவில்லை. குடிப்பழக்கம் உண்டா என்பதை உறுதிசெய்யவும்.’ மற்ற ஃபைல்களுக்குப் போகும் சீட்டுகளோடு சேர்த்துக் கட்டி அனுப்பினேன். டாக்டர் இதைப் படிப்பார், அம்மாவிடம் போய்த் தானே கேட்பார், அவருக்குத் தெரிந்துவிடும், நான் சொன்னதாக ஆகாது. இப்படித்தான் நினைத்தேன்.

பதினொன்றரை மணிக்குச் சீட்டு திரும்பி வந்தது. டாக்டர் வரை போகவே இல்லை. வார்டு சிஸ்டர் படிவத்தைப் பார்த்து அவரே பதில் எழுதிவிட்டார்.

‘இல்லை. தகவல் தந்தவர்: மகள்.’

அக்கா சீட்டை வாங்கிப் படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். “நீ கேட்ட கேள்விக்கு நீயே பதிலாட்டி! அந்தச் சீட்டு மூணு மாடி ஏறி எறங்குனதுதான் மிச்சம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். சீட்டை ஃபைலில் ஒட்டினார். பதில் வந்த சீட்டை ஒட்டித்தான் ஆக வேண்டும்.

இப்போது அம்மாவின் ஃபைலில் இரண்டு இடத்தில் ‘இல்லை’ இருக்கிறது.

திங்கட்கிழமை நான் எழுதியது உண்மை இல்லை. சிஸ்டர் கேட்டார். குடி என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். “அதெல்லாம் ஒண்ணுமில்லல்ல?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அம்மா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்.

தூசி மருந்து என்பது பிராந்தி. நான்கு வருடமாக. முதலில் சனிக்கிழமை மட்டும், கிடங்கில் கூட வேலை செய்கிறவர்கள் வாங்கித் தந்தது. பிறகு தினமும். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான்.

இந்த நோட்டில்கூட நான் அதை அந்தப் பெயரில்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை.

மாலையில் போனபோது அம்மா போர்வை ஓரத்தை விடாமல் கிள்ளிக்கொண்டிருந்தாள். “எறும்பு” என்றாள். எறும்பு எதுவும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலை ஏழரை மணிக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். அம்மா எழுந்து உட்கார்ந்து மஞ்சள் பிரித்துக்கொண்டிருந்தாள். போர்வையில் ஒன்றும் இல்லை. ஆனால் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், வலது பக்கம் போட்டாள். அடுத்ததை இடது பக்கம் போட்டாள். விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடின.

“அம்மா.”

“இரு அம்மிணி, லாரி வந்துரும். இந்தக் குமியைத் தள்ளீட்டு வந்தர்றேன்.” பிறகு எனக்குப் பின்னால் யாரையோ பார்த்து, “ஏனுங், கெழங்குல விரலியக் கலந்தது நானில்லீங்க” என்று கும்பிட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

டாக்டர் நஸ்ரீன் வந்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். நாடி பார்த்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார். அம்மா பெயரைச் சொன்னாள். ஊரைக் கேட்டதற்கு மூட்டைக் கணக்குச் சொன்னாள்.

“ராத்திரியெல்லாம் தூங்கலைங்க டாக்டர். தூங்கறதுக்கு ஊசி ஒண்ணு போட்டுறலாமா?” என்று சிஸ்டர் கேட்டார்.

“வேண்டாம், வேண்டாம். ஈரல் கெட்டுப்போய் அந்த விஷம் மூளைக்கு ஏறியிருக்கும்னு நினைக்கறேன். இந்த நிலைமையில தூக்க ஊசி போட்டா எழுந்திருக்கவே மாட்டாங்க. வயிறு போறதுக்கு சிரப் குடுங்க. சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்.”

நான் அங்கேயே நின்றேன். டாக்டர் என்னைத் தாண்டிப் போனார்.

கீழே போய் வேலையில் உட்கார்ந்தேன். ஒரு ஃபைல்கூட ஏற்றவில்லை. கோடு புத்தகத்தில் F10 பக்கத்தை எடுத்தேன். குடி சம்பந்தப்பட்ட கோடுகள் அங்கேதான் இருக்கின்றன. நிறுத்தியதால் வருவது என்று தனியாக ஒரு கோடு இருக்கிறது. நிறுத்தியதால் புத்தி தடுமாறுவது என்று அதற்கடுத்து இன்னொன்று. மனக்குழப்பம், வலிப்பும் வரலாம் என்று கீழே எழுதியிருந்தது.

வலிப்பு என்ற சொல்லை மறுபடியும் படித்தேன்.

ஒருமுறை பிராந்திக் கடைகள் மூன்று நாள் மூடியிருந்தன. அம்மா முதல் நாள் நடுங்கினாள். இரண்டாம் நாள் சுவரில் எறும்பு ஓடுகிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் மாலை கண் மேலே போய், பல் கிட்டி, நாக்கைக் கடித்துத் தலையணை எல்லாம் ரத்தம். அன்றைக்கு யாரோ பாட்டிலோடு வந்தார்கள். நான்தான் ஸ்பூனில் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. இதுவரை எழுதவும் இல்லை.

ஞாயிறு இரவிலிருந்து எண்ணினேன். திங்கள், செவ்வாய், புதன், இன்று.

ஹெப்சிபா அக்கா என் கையில் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பச்சைச் சீட்டுக் கட்டை எடுத்தேன்.

“சீட்டுல கேட்டா சீட்டுலதான்ட்டி பதில் வரும்” என்றார்.

கட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். லிஃப்ட் வரவில்லை. படியில் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது மாடிக்கு வந்தபோது எல்லாம் மறந்துவிட்டது.

டாக்டர் நஸ்ரீன் சிஸ்டர்கள் மேசையில் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

“ரெக்கார்டு ரூம் புள்ளைங்க டாக்டர். பன்னண்டாம் கட்டில் பொண்ணு. இதுக்கு வாயே கெடையாது” என்றார் சிஸ்டர். “சிரப் குடுத்தாச்சும்மா, போய் உக்காரு.”

“நான் சொன்னது பொய்ங்க” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் தலையைத் தூக்கினார். “என்னம்மா?”

“படிவத்துல இல்லைன்னு சொன்னனுங்க. அது பொய். அம்மா குடிப்பாங்க. பிராந்தி.”

சிஸ்டரின் கையில் இருந்த ஃபோன் அப்படியே நின்றது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பக்கத்துக் கட்டில்காரர்.

“எவ்வளவு?”

“ஒரு குவார்ட்டருங்க. சில நாள் அதுக்கும் மேல.”

“எத்தனை வருஷமா?”

“நாலு.”

“கடைசியா எப்போ?”

“ஞாயித்துக்கிழமைங்க. சாயந்தரம் ஏழரை.” டம்ளர் கழுவிய நேரம் எனக்கு நினைவிருந்தது. “முன்னால ஒருக்கா மூணு நாள் நிறுத்துனப்ப ஃபிட்ஸ் வந்துச்சுங்க. இப்படியேதான் மொதல்ல எறும்புன்னாங்க.”

டாக்டர் திட்டவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை. பேனாவை ஃபைலுக்குள் வைத்து மூடிவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். “சிஸ்டர், இது குடிய திடீர்னு நிறுத்துனதால வந்தது, முதல்ல வைட்டமின் ஊசி. அப்புறம் நான் வேண்டாம்னு சொன்ன அந்தத் தூக்க ஊசியை எடுங்க, பாதி டோஸ், நான் பக்கத்துலயே நிக்கறேன். ஆக்சிஜன் கொண்டுவரச் சொல்லுங்க.”

நான் பின்னாலேயே ஓடினேன்.

அம்மா இன்னும் பிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையைப் பிடித்ததும் உதறினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது போல இருந்தது.

“சொல்லீட்டியா?”

“சொல்லீட்டேன்மா.”

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் இரண்டு முறை குத்தினார். நரம்பு நழுவியது.

“கை ஆடாம யாராச்சும் பிடிங்க” என்றார் டாக்டர்.

நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். அம்மாவின் கையை இழுத்து என் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.